டைனோபொட் நல்லவனா, கெட்டவனா?



சென்ற மாதம் ஒரு தாய் ரெலிபோனில் கதைத்தார். கனடாவுக்கு வந்து எட்டு மாதங்கள்தான். ஏழு வயது மகன் எந்நேரமும் ரோபோக்கள் ஒன்றையொன்று வெட்டிச் சாய்ப்பதையே படமாகக் கீறுகிறானாம். ரீவியிலும் அதுதானாம். "அண்ணை, நான் பங்கருக்குள்ள வளந்தனான். என்ர பிள்ளைக்குச் சண்டை எண்டா என்னெண்டு தெரியாமல் வளரும் எண்டு நினைச்சுக்கொண்டு வந்தன். இப்ப அவன் காசு குடுத்துச் சண்டையை வாங்கிப் பாக்கிறான்" என்றார். ரீவியை நிற்பாட்டி விடட்டோ என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் இதே கேள்வி எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் எழுந்தது. அதற்குக் காரணமாயிருந்தவன் டைனோபொட் என்ற ஓர் இயந்திர வீரன். அவனைப் பற்றித்தான் இம்மாதம் எழுதப் போகிறேன். பெரியவர்கள் முகம் சுழிக்க வேண்டாம்.

நான் 1991இல் வந்தவன். மனைவியும் மகனும் 1994இல் வந்து சேர்ந்தார்கள். வந்த முதல் வருடம் விக்ரோறியா தினத்தன்று இரவு வாணவேடிக்கை வெடித்தபோது மகன் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டான். அவனை வெளியே எடுக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. அந்தப் பிள்ளைதான் மூன்று நான்கு வருடங்களில் ரீவிக்கு முன்னால் கால் மடித்து இருந்து, குண்டுச் சத்தத்துக்குக் கைதட்டத் தொடங்கினான். இரவு வேலை முடித்து சனிக்கிழமை காலையில் நான் வீட்டுக்குள் நுழையும்போது, வாரத்தில் வந்ததை வீடியோவில் பதிந்து வைத்துப் போட்டுக்கொண்டிருப்பான். குசினியில் நிற்கும் மனைவி ஒவ்வொரு வெடிக்கும் திடுக்கிடுவாள். அவன் திடுக்கிடுவதில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகப் பயமாயிருந்தது.

அந்த நிகழ்ச்சிக்கு அமெரிக்காவில் 'பீஸ்ற் வோர்ஸ்' என்று பெயர். மிருகங்களின் போர் என்று சொல்லலாம். கனடாவில் அதே நிகழ்ச்சி 'பீஸ்ரீஸ்' என்ற பெயரோடு வை.ரீ.வி.யில் வந்தது. போர் என்ற சொல் பிள்ளைகளின் நிகழ்ச்சிக்கு ஆகாது என்று அதை எடுத்துவிட்டார்கள். இதை அறிந்தபோது நான் சிரித்தேன். பெயரில் போர் இல்லை, உள்ளே முழுவதும் போர். எங்கள் ஊரிலோ உள்ளே முழுவதும் போர் நடந்துகொண்டிருக்க, வெளியே அதற்குப் 'பிரச்சினை' என்று பெயர்.

ஆனால் கனடாக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. 1992இல் கியூபெக்கில் விர்ஜினி லரிவியர் என்ற 13 வயதுச் சிறுமி, தன் தங்கை கொலையுண்ட துயரத்தில், தொலைக்காட்சி வன்முறைக்கு எதிராக ஒரு மனு தொடங்கி, 13 இலட்சம் கையெழுத்துச் சேர்த்து அன்றைய பிரதமர் மல்றோனியிடம் கொடுத்தாள். அதன் பிறகுதான் ஒளிபரப்பாளர் தங்களுக்கென்று வன்முறை பற்றிய ஒழுக்கக் கோவை ஒன்றை எழுதிக்கொண்டார்கள். 1994 ஒக்ரோபரில், பிள்ளைகள் பைத்தியமாகப் பார்த்த 'பவர் ரேஞ்சர்ஸ்' அந்தக் கோவையை மீறுகிறதென்று, பெற்றோரின் முறைப்பாட்டின் பேரில் ஒளிபரப்புத் தராதர சபை தீர்ப்புச் சொன்னது. குளோபல் தொலைக்காட்சியும் வை.ரீ.வி.யும் அதை நிறுத்தின. புதிதாக வந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: இந்த நாட்டில் ஒரு தகப்பனோ தாயோ எழுதும் கடிதத்துக்கு அவ்வளவு வலிமை உண்டு.

அன்றைக்கு நான் கடிதம் எழுதவில்லை. ரீவியின் வயரைக் கழற்றுவதென்று முடிவு செய்திருந்தேன். அதற்கு முதல் என்னதான் இருக்கிறதென்று பார்ப்போமென்று ஒரு சனிக்கிழமை பக்கத்தில் இருந்தேன். மகனுக்குப் புளுகம் தாங்கவில்லை. கதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னான். நான் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன்.

'ரான்ஸ்போமேர்ஸ்' என்ற விளையாட்டுப் பொருளைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். காராகவும் துவக்காகவும் இருப்பதை முறுக்கித் திருப்பினால் ரோபோ மனிதனாகும். யப்பானில் டக்காரா கம்பனி செய்த பொம்மைகளை அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ கம்பனி வாங்கி 1984இல் இந்தப் பெயரில் விற்கத் தொடங்கியது. பொம்மைக்குக் கதை வேண்டுமென்று மார்வல் என்ற சித்திரக்கதைக் கம்பனியிடம் கேட்க, அங்கே பொப் புடியான்ஸ்கி என்பவர் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு குணம், ஒரு வாழ்க்கை எழுதிக் கொடுத்தார். பொம்மைப் பெட்டியின் பின்புறத்தில் அவனுடைய பலம், புத்தி, துணிவு எல்லாம் அளவு போட்டு அச்சடித்திருக்கும். எங்கள் சாதகக் குறிப்புப் போலத்தான்! வில்லன்களின் தலைவனுக்கு மெகட்ரன் என்று பெயர் வைத்தவரும் அவரே. பெயர் பயங்கரமாக இருக்கிறதே என்று கம்பனிக்காரர் தயங்கினார்களாம். வில்லன் பயங்கரமாகத்தானே இருக்க வேண்டும் என்றாராம்.

மகன் பார்த்தது அதன் அடுத்த தலைமுறைக் கதை. அதைச் செய்தது வன்கூவரிலுள்ள மெயின்பிரேம் என்ற நிறுவனம். கையால் ஒரு கோடும் கீறாமல் முழுவதும் கொம்பியூட்டரில் செய்த படங்கள். 1994இல் 'ரீபூட்' என்ற தொடரை அவ்வாறு செய்து பெயர் பெற்றவர்கள். 1996 தொடக்கம் 1999 வரை 52 அங்கங்கள் எடுத்தார்கள்.

கதை இதுதான். சைபர்ட்ரன் என்பது இயந்திரங்களின் கிரகம். அங்கிருந்து புதிய மெகட்ரன் ஒருவன் ஒரு தங்கத் தட்டைக் களவெடுத்துக்கொண்டு தன் கூட்டத்தோடு விண்கப்பலில் ஓடுகிறான். ஒப்டிமஸ் பிரைமல் என்பவன் துரத்துகிறான். இரண்டு கப்பல்களும் விண்வெளியில் சண்டையிட்டு, பெயர் தெரியாத ஒரு கிரகத்தில் விழுகின்றன. அங்குள்ள சக்தி இவர்களின் இரும்பு உடம்புக்கு நஞ்சு. ஆகவே மிருக வடிவம் எடுத்து வாழ வேண்டும். ஒப்டிமஸ் கொரில்லா, மெகட்ரன் பெரிய டைனோசோர். டைனோபொட் மெகட்ரனின் கூட்டத்தவன். சிறிய, வேகமான, கத்தி போல நகமுள்ள டைனோசோர் வடிவம் அவனுக்கு. முரடன், குரலும் அறுவாளைத் தீட்டினது போலிருக்கும்.

முதலாவது அங்கத்திலேயே அவன் தலைவனோடு பிரச்சினைப்படுகிறான். நல்லவனாக மாறியதால் அல்ல. பிழையான கிரகத்துக்குக் கொண்டுவந்து விட்டாய், நீ தலைவனாக இருக்கத் தகுதியில்லை, நான் இருக்கிறேன் என்கிறான். அடித்துத் துரத்துகிறார்கள். நேரே எதிரிகளிடம் போய், உங்களுக்கும் நானே தலைவன் என்று ஒப்டிமஸைச் சண்டைக்கு அழைக்கிறான்! கடைசியில் தலைவனாக முடியாமல், சாதாரண வீரனாக அந்தப் பக்கம் நிற்கிறான்.

மகன் படத்தை நிற்பாட்டிவிட்டுக் கேட்டான்.

"அப்பா, டைனோபொட் துரோகியோ?"

நான் திடுக்கிட்டுப் போனேன். ஒன்பது வயதுப் பிள்ளை. தமிழில் கிழமை நாட்களை ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. இந்தச் சொல்லை எங்கே படித்தான்? யோசிக்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் வீட்டு ரெலிபோனில்தான். பிள்ளை விளையாடுகிறது, விளங்காது என்று நினைத்துக்கொண்டு நாங்கள் கதைத்த கதைகளில்தான்.

எனது ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருந்தான். எண்பதுகளில் ஓர் இயக்கத்துக்குப் போனான், பிறகு விட்டு விலகினான். ஏன் விலகினான் என்று எவருக்கும் முழுதாகத் தெரியாது. தெரியாதது எவரையும் கதைக்காமல் இருக்கச் செய்யவில்லை. அவன் இந்தியா போய், வேறு எங்கெல்லாமோ அலைந்து, கடைசியில் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற்றில் தனியாக இருந்தான். கலியாண வீடு, பிறந்தநாள் எதற்கும் ஆரும் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை. மூன்று வருடம் ஒரே நகரில் இருந்துகொண்டு ஒரு ரெலிபோன் எடுக்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று பயம். ஊர் ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்தாலும், அந்தப் பயம் விமானத்தில் கூடவே வந்துவிட்டது.

மகனுக்கு நான் என்ன பதில் சொல்வது? "பாப்பம், கதை எப்பிடிப் போகுதெண்டு" என்றேன். அப்படித்தான் வயர் கழற்றப்படாமல் தப்பியது. அடுத்தடுத்த சனிக்கிழமைகளும் நான் பக்கத்தில் இருந்தேன். பக்ரறியில் நண்பர்களுக்கு இதைச் சொல்லவில்லை!

புதிய கூட்டத்தில் டைனோபொட்டுக்கு நிம்மதியில்லை. ராட்ராப் என்று ஒருவன், எலி வடிவம் எடுப்பவன், இவனை ஒரு நாளும் நம்புவதில்லை. குத்திக் குத்திக் கதைப்பான். மற்றப் பக்கத்திலிருந்து வந்தவன் மற்றப் பக்கத்துக்கே போவான் என்பது அவன் எண்ணம். உண்மையில் ஒருமுறை போகவும் செய்கிறான்! தாங்கள் நிற்கும் கிரகம் ஆதிகாலத்துப் பூமி என்று தெரியவந்ததும், மெகட்ரன் வெல்லப்போகிறான் என்று எண்ணி, ஒளித்து வைத்திருந்த தங்கத் தட்டை அவனிடம் கொடுத்துத் திரும்பிச் சேருகிறான். ராட்ராப்பைக் கொல் என்று கட்டளை வருகிறது. அவ்வளவு நாளும் தன்னைக் குத்திக் கதைத்த அந்த எலியைக் கொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. மீண்டும் இந்தப் பக்கம் வருகிறான். தட்டு மட்டும் மெகட்ரனிடம் தங்கிவிட்டது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். டைனோபொட்டுக்கும் ராட்ராப்புக்கும் குரல் கொடுத்தவர் ஒரே நடிகர், ஸ்கொற் மக்நீல். மகனுக்கு இதைச் சொன்னபோது நம்பவே மாட்டேனென்றான். ஒருவர் தொண்டைக்குள்ளிருந்தே இரண்டு எதிரிகள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்தத் தங்கத் தட்டும் வெறும் கற்பனை அல்ல. 1977இல் அமெரிக்கா அனுப்பிய வொயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் பொன்முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு ஒவ்வொன்று இருக்கிறது. வேற்றுக்கிரகத்தார் எவரேனும் கண்டெடுத்தால் கேட்கட்டுமென்று 55 மொழிகளில் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கதையில் வரும் தட்டு அந்தத் தட்டுத்தான். அந்த 55 மொழிகளில் சிங்களம் இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், மராட்டி, குஜராத்தி எல்லாம் இருக்கின்றன. தமிழ் இல்லை. அந்தத் தட்டுகள் இன்று சூரிய மண்டலத்தின் கிரகங்களையெல்லாம் கடந்து போய்க்கொண்டிருக்கின்றன. இனித் திருப்பியெடுத்துச் சேர்க்கவும் முடியாது. இதை வாசித்த அன்று எனக்கு இரவு வேலையில் மனம் ஓடவில்லை.

இனி 1998இல் வந்த அந்த அங்கத்துக்கு வருகிறேன். இயன் வியர் என்ற கனடிய எழுத்தாளர் எழுதியது. தட்டிலுள்ள எதிர்காலம் மாற்றக்கூடியதோ என்று மெகட்ரன் சோதித்துப் பார்க்கிறான். ஒரு மலையைத் தகர்த்ததும், தட்டிலிருந்த மலையின் படமும் மாறிவிடுகிறது. விதியை மாற்றலாம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. உடனே, மனித குலமே உண்டாகாமல் செய்ய, ஆதிமனிதர் வாழும் பள்ளத்தாக்கை அழிக்கப் படையோடு போகிறான். இதைக் கண்டவன் டைனோபொட் ஒருவனே. தட்டைக் கொடுத்தவனும் அவனே. மற்றவர்கள் வந்துசேர நேரமில்லை. தனியே இறங்குகிறான்.

ஒவ்வொருவராக அடித்து வீழ்த்துகிறான். உடம்பில் சக்தி வற்றுகிறது. இதோடு நிறுத்தாவிட்டால் செத்துப்போவாய் என்று அவனுக்குள்ளிருக்கும் கொம்பியூட்டரே எச்சரிக்கிறது. அதைத் தள்ளிவிட்டு நிற்கிறான். ஆயுதமெல்லாம் போனபின் ஒரு தடியையும் கல்லையும் சேர்த்துக் கட்டிச் சம்மட்டியாக்கி மெகட்ரனை அடிக்கிறான். மிஞ்சியிருந்த கடைசிச் சக்தியால் அந்தத் தட்டை அழிக்கிறான். நண்பர்கள் வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. சாகும்போது அவன் தன்னைப் புகழும்படி கேட்கவில்லை. தான் செய்த கெட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறான். ராட்ராப் உட்பட எல்லோரும் மரியாதை செய்து அவனை எரியூட்டுகிறார்கள். பிறகு ஆதிமனிதரில் ஒருவர் அந்தக் கல்லுச் சம்மட்டியை எடுத்துப் பார்க்கிறார்.

மகன் அழுதான். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. என் மாமியார் அப்போது ஸ்பொன்சரில் வந்து எங்களோடு இருந்தார். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. பின்னாலிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டு முழுவதையும் பார்த்திருக்கிறார். "உவன் முதல்ல விபீஷணன், பிறகு கும்பகர்ணன்" என்றார்.

நான் அதைப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த வேண்டியதாயிற்று. அண்ணன் செய்தது பிழையென்று சொல்லிப் பக்கம் மாறியவன் விபீஷணன். பிழையென்று தெரிந்தும் அண்ணனுக்காகச் செத்தவன் கும்பகர்ணன். கம்பன் இருவரையும் போர்க்களத்தில் சந்திக்க வைத்துக் கதைக்க விடுகிறான், ஒருவனையும் சிறுமைப்படுத்தவில்லை. எங்கள் கோயில்களில் விடிய விடிய இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கதையிலில்லாத மனிதருக்கு ஒரே சொல்லில் பெயர் வைத்துவிட்டோம்.

வில்லன் ரோபோ தமிழிலும் உண்டு. பின்னர் 2010இல் வந்த 'எந்திரன்' படத்தில் சிட்டி என்ற ரோபோவுக்குள் ஒரு சிவப்புச் சில்லை வைத்ததும் அது அரக்கனாகிறது. அதைக் கழற்றியதும் மீண்டும் நல்லதாகிவிடுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டைனோபொட்டுக்குள் அப்படிக் கழற்றக்கூடிய சில்லு ஏதும் இல்லை. அதனால்தான் ஒன்பது வயதுப் பிள்ளை அவனுக்காக அழுதது என்று நினைக்கிறேன். பிற்பாடு மெகட்ரன் அவனைப் போலவே ஒரு பிரதியைச் செய்து வைத்துக்கொள்கிறான். தோற்றம் இருந்தது, மனம் இருக்கவில்லை. கடைசி அங்கத்தில் பழையவனின் நினைவு அந்தப் பிரதிக்குள் வர, அதுவும் மெகட்ரனைக் கைவிடுகிறது. இது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. செத்தவனைச் செத்தவனாக விட்டிருக்கலாம். மகன் இன்றைக்கும் இதற்கு என்னோடு வாதாடுவான்.

ரெலிபோனில் கேட்ட அந்தத் தாய்க்கு நான் சொன்னது இவ்வளவுதான்: நிற்பாட்டுவதென்றால் நிற்பாட்டுங்கள், உங்கள் வீடு, உங்கள் பிள்ளை. ஆனால் அதற்கு முதல் மூன்று நாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். படத்தில் அவன் யாரை வெட்டுகிறான், ஏன் வெட்டுகிறான் என்று கேளுங்கள். நீங்கள் ரெலிபோனில் கதைக்கும்போது அவன் எங்கே இருக்கிறான் என்றும் கவனியுங்கள். குப்பைப் படங்களும் நிறைய உண்டு. அவற்றை மூன்று நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் வீட்டில் நடந்ததன் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த அங்கம் பார்த்த இரவு, படுக்கப் போகும்போது மகன் கேட்டான்: "அப்பா, ஸ்காபரோச் சித்தப்பாவும் டைனோபொட் மாதிரியோ?" நான் லைற்றை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு கிழமை கழித்து அவனுடைய நம்பரை ஒருவரிடம் கேட்டு வாங்கி எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் "ஊரில ஆருக்கும் ஏதாவதோ?" என்று பதறினான். எங்களுக்குள் அப்படியொரு நிலைமை. இல்லை, சும்மாதான், சனிக்கிழமை வீட்டை வா என்றேன்.

வந்தான். தலை முழுவதும் நரைத்திருந்தது, என்னிலும் ஆறு வயது இளையவன். மாமியார் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் மகன் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரீவிக்கு முன்னால் இருத்தி, வீடியோவை முதலாவது அங்கத்திலிருந்து போட்டான். ஆர் ஆர் என்னென்று விரலால் காட்டிக் காட்டிச் சொன்னான்.

"இவன் முந்தி மற்றப் பக்கம், சித்தப்பா."

"அப்பிடியோ" என்றான் அவன். பிறகு கொஞ்சம் தள்ளி, வடிவாகப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்துகொண்டான்.